எல்லாக் கணினியிலும் ஐயாத்துரை

நெடுந்தீவில் ஆளை அடையாளம் காண்பதற்கு இதுவரை எவருக்கும் இயந்திரம் தேவைப்பட்டதில்லை. தூரத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தால் போதும், அவர் யார், எங்கே போகிறார், போகிற காரியம் சரிவருமா என்பது வரைக்கும் கல்வேலியில் சாய்ந்து நிற்கிறவர் சொல்லிவிடுவார். இந்த விஷயம் தீவக வளர்ச்சி இணைப்பகத்தின் தலைமையகத்துக்குத் தெரியாது. ஆகவே அது, கிளை அலுவலகங்களில் இணையம் பார்க்கிறவர் யார் என்று கண்டுபிடித்து, அவரவர் பதவிக்குத் தக்கபடி பார்க்கவிடுகிற ஓர் ஏற்பாட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பியது. பெட்டி படகில் வந்தது. வழியில் கொஞ்சம் நனைந்தும் விட்டது.

இணைப்பகத்தின் வேலை தீவுகளை வளர்ப்பது. தீவு எப்படி வளரும் என்று கேட்கக் கூடாது. நெடுந்தீவுக் கிளையில் வளர்க்கும் பணியின் பெரும்பகுதி அபிவிருத்தி உத்தியோகத்தர் கம்சாயினியின் தலையில் இருந்தது. கடிதம் எழுதுவது அவள், அறிக்கை எழுதுவது அவள், ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழிலும் தமிழில் வந்ததை மேலிடத்துக்கு விளங்கும்படியும் மாற்றுவது அவள். இதெல்லாம் அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை. அவளுக்கு இருந்த ஒரே குறை கணவன். அனோஜனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவன் நாரந்தனையில் இருந்தான், அதுதான் குறை.

அவன் அங்கே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தான். இருவருக்கும் இடையில் ஒரு கடல் கிடந்தது. கடலைத் தாண்டினால், வந்தால் வரும் வராவிட்டால் வராது என்ற கொள்கையுடைய ஒரு பஸ் இருந்தது. கலியாணம் முடிந்து வருசம் திரும்பியும் அவர்கள் சனி ஞாயிறுத் தம்பதியாகவே இருந்தார்கள். காற்று எழும்பிப் படகு ஓடாவிட்டால் அதுவும் இல்லை. இணைப்பகத்தின் நாரந்தனைக் கிளையில் இப்போது ஒரேயொரு இடம் காலியாகியிருந்தது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் இணைப்பகத்தின் சொந்த வலையமைப்புக்குள் இருந்து, இணையத்தில் மட்டும். புதிய ஏற்பாடு வந்த பெட்டியைக் கண்டு கம்சாயினி சந்தோசப்பட்டதற்குக் காரணம் இதுதான். பாவம், அவளுக்கு இணைப்பகத்தைத் தெரியும், பொறுப்பதிகாரி ஐயாத்துரையையும் தெரியும், இருந்தும் சந்தோசப்பட்டாள்.

பெட்டியோடு யாழ்ப்பாணத்திலிருந்து உதயன் என்ற தொழில்நுட்பப் பொடியன் வந்திருந்தான். வயர்களைப் பூட்டிவிட்டு விளக்கம் சொன்னான்.

"சேர், இது ஒருத்தரையும் பேர் கேக்காது. ஒரு கணினியை ஆர் தன்ரை பேரிலை திறந்தவர் எண்டு பாத்து வைச்சுக்கொள்ளும். பிறகு அதிலை நடக்கிறதெல்லாம் அவரின்ரை கணக்கிலை போகும். சத்தமில்லாமல் நடக்கும். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய மனிதர் ஐயாத்துரை இல்லை. விழா வைத்தார். குத்துவிளக்கு ஏற்றினார். பிறகு கைதட்டலுக்கு நடுவே ஒவ்வொரு கணினியாகப் போய் இருந்து, தன் பெயரைத் தன் விரலாலேயே அடித்து, அலுவலகத்தின் எல்லாக் கணினிகளையும் திறந்துவைத்தார். முடிவில் பேசினார்.

"இன்று முதல், நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் இணைப்பகத்துக்குத் தெரியும்!"

"சேர், அது முடிஞ்சாப் போலை ஒவ்வொருத்தரும் தங்கடை தங்கடை பேரிலை..." என்று உதயன் தொடங்கினான்.

"விழா முடியட்டும் தம்பி."

விழா முடியவில்லை, கடைசிப் படகு போய்விடும் போல இருந்தது. உதயன் கையில் வடையோடு இறங்குதுறைக்கு ஓடினான். அவன் சொல்ல வந்ததை யாரும் பிறகு விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. இயந்திரம் கண்ணாடி மாதிரி இடையில் நின்று, ஆள் அறியாமலே ஆளைக் கண்டுகொள்ளும் என்பது அதன் ஆங்கிலக் கருத்து. கொழும்பில் இருந்து மொழிபெயர்த்தவர், கண்ணாடி மாதிரி என்றால் ஒளிவுமறைவு இல்லாமல் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். தமிழில் இப்படி வந்தது: "பயனாளரை வெளிப்படையாக அடையாளம் காணுதல் கட்டாயமாகும்."

ஐயாத்துரை அதை இரண்டு தரம் வாசித்தார். "வெளிப்படையாக," என்றார். "பாத்தீரோ பிள்ளை, ஒளிச்சு மறைச்சு ஒண்டும் இல்லை. அந்தப் பொடியன் சத்தமில்லாமல் நடக்கும் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். இதிலை சத்தமாய் நடக்கோணும் எண்டெல்லோ கிடக்குது?"

"சேர், அது மொழிபெயர்ப்பிலை..."

"சுற்றறிக்கையிலை பிழை வராது. வந்தால் அதுக்கு இன்னொரு சுற்றறிக்கை வரும். வந்திட்டுதோ? இல்லை."

அன்றிலிருந்து இணையம் பார்ப்பதற்கு ஒரு முறை ஏற்பட்டது. கணினியின் முன் இருக்கப்போகிறவர் முதலில் எழுந்து நிற்க வேண்டும். தன் பெயர், பதவி, பார்க்கப்போகும் பக்கம், பார்ப்பதற்கான காரணம் ஆகியவற்றை உரத்த குரலில் அறிவிக்க வேண்டும். அலுவலக உதவியாளர் றொபின்சன் மணி அடிப்பார். எல்லாரும் எழுந்து "கண்டோம்" என்பார்கள். பார்த்து முடிந்ததும் இன்னொரு மணி. அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. தேவாலயத்தில் பூசைக்கு உதவி செய்து பழகிய றொபின்சன் மணியை மிக அழகாக அடித்தார்.

வெளிப்படை என்பது வெளியாட்களுக்கும் வெளிப்படைதானே. மாட்டுத்தீவனத்துக்கும் கிணறு இறைக்கும் மெசினுக்கும் வந்த சனம், தங்கள் அலுவல் முடிந்த பிறகும் சுவரோரத்து வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. எழுதுவினைஞர் ஜெனீற்றா ஒருநாள் முழங்கால் நோவுக்கான பயிற்சி பார்க்கப்போவதாக அறிவித்தார். மறுநாள் காலையில் அவர் மேசையில் நொச்சி இலையும் வேப்பெண்ணெயும் கோயில் எண்ணெயும் குவிந்து கிடந்தன. முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டுப் போக இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜெனீற்றா அதற்குப் பிறகு இணையத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

கம்சாயினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இடமாற்றம் கேட்கப்போகிறேன் என்று இத்தனை பேருக்கு முன்னால், அதுவும் ஐயாத்துரைக்கு முன்னால், எப்படிச் சொல்வது? அவள் போனால் ஆங்கிலக் கடிதத்தை யார் வாசிப்பது என்ற பயத்தில் அவர் அவளுக்குச் சாதாரண லீவு கொடுப்பதற்கே கண் கலங்குகிறவர். அவருடைய சிபாரிசு இல்லாமல் எந்த விண்ணப்பமும் மேலே போகாது. நாளைக்குப் பார்ப்போம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினாள்.

இதற்கிடையில் தடுக்கப்பட வேண்டிய சொற்களின் பட்டியலை ஒவ்வொரு கிளையும் தயாரித்துப் போடலாம் என்று தலைமையகம் அனுமதித்தது. ஐயாத்துரை கதவைச் சாத்திக்கொண்டு தானே தயாரித்தார். சூது என்று போட்டார், சாராயம் என்று போட்டார், தீவின் ஒழுக்கத்தை நினைத்துக் கள் என்றும் போட்டார்.

மறுநாள் இணையம் ஏறக்குறைய முழுவதும் மூடிக்கொண்டது. ஆடு திறந்தது, ஆடுகள் திறக்கவில்லை. கிணறு வந்தது, கிணறுகள் வரவில்லை. மகன் என்ற சொல்லுக்கு வழிவிட்ட இயந்திரம் மகள் என்ற சொல்லை மறித்தது. "மக்கள்" என்று தொடங்கிய அரசாங்கப் பக்கம் ஒவ்வொன்றிலும் "இப்பக்கம் மதுபானம் பற்றியது" என்ற எச்சரிக்கை வந்து நின்றது. நீ என்றால் போகவிட்டது, நீங்கள் என்றால் விடவில்லை. தமிழில் மரியாதை பாதிக்குமேல் கள்ளில்தான் முடிகிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரியவந்தது.

கம்சாயினி ஓடிப்போய்ச் சொன்னாள். "சேர், அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டால் எல்லாம் சரிவரும்."

"எடுக்கலாம் பிள்ளை. எடுத்தால் நாளைக்கே, ஐயாத்துரை கள்ளுக்கு ஆதரவு எண்டு மேலிடத்துக்குப் பெட்டிசம் போகும். தமிழைத் திருத்தலாம், பெட்டிசத்தைத் திருத்தேலாது. நீர் பன்மையைக் கொஞ்சம் குறையும். ஒவ்வொண்டா எழுதும்."

அந்த மாத அறிக்கையில் "ஆடு, ஆடு, ஆடு, மேலும் ஆடு வழங்கப்பட்டது" என்று கம்சாயினி எழுதினாள். பொழுதுபடுகிற நேரத்தில் ஐயாத்துரை பனங்கூடல் பக்கம் ஏன் நடக்கப் போகிறார் என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். அதை வெளிப்படையாக அடையாளம் காண மட்டும் எவரும் துணியவில்லை.

இவ்வளவு இறுக்கத்துக்குள்ளும் ஒரு புதினம் நடந்துகொண்டிருந்தது. விதிப்படி அலுவலக உதவியாளருக்கு வானிலை மட்டுந்தான் திறக்க வேண்டும். றொபின்சனுக்கோ கிறிக்கெற் திறந்தது.

"எப்பிடி றொபின்சன் அண்ணை?" என்று கம்சாயினி கேட்டாள்.

"தெரியேல்லை தங்கச்சி. என்னை ஆரெண்டு நினைச்சுதோ, கிறிக்கெற் பாக்கப் போறன் எண்டு அறிவிச்சிட்டு இருந்தனான், திறந்திட்டுது. நானும் ஏனெண்டு கேக்கப் போகேல்லை."

மாத முடிவில் தலைமையகத்திலிருந்து பாராட்டுப் பத்திரம் ஒன்று வந்தது. நெடுந்தீவுக் கிளைப் பொறுப்பதிகாரி திரு. ஐயாத்துரை, அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் கடமையாற்றியிருக்கிறார். ஒன்றில் தீவனப்புல், மற்றொன்றில் கிணற்று நீர், இன்னொன்றில் துடுப்பாட்டம், வேறொன்றில் முழங்கால் நோய் என அவருடைய அறிவுத்தேடல் எல்லாத் துறையையும் தழுவி நிற்கிறது. ஏனைய கிளைகளின் அதிகாரிகள் இவரைப் பின்பற்ற வேண்டும்.

ஒரு மனிதன் எப்படி ஒரே நேரத்தில் எல்லாக் கதிரையிலும் இருக்க முடியும் என்ற கேள்வி ஐயாத்துரையின் முகத்தில் ஒருகணம் தெரிந்தது. பிறகு அது மறைந்துவிட்டது.

"பாத்தீரே," என்றார், "எனக்கே தெரியாமல் நான் இவ்வளவு வேலை செய்திருக்கிறன்." பத்திரத்தோடு வந்த உறுதிமொழியில் உடனே கையெழுத்தும் போட்டார். இந்த ஏற்பாடு ஆளை அடையாளம் காண்பதில் ஒருபோதும் தவறுவதில்லை என்பது அந்த உறுதிமொழி.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. இனித் தள்ள நாள் இல்லை. அலுவலகத்தில் அன்றைக்குப் பார்த்து நல்ல சனம். வாங்கின் முன்வரிசையில், மாட்டின் குறியை யாரோ மாற்றிச் சுட்டுவிட்டார்கள் என்ற முறைப்பாட்டோடு வந்த ஆச்சிமுத்து இருந்தார். கம்சாயினி எழுந்து நின்றாள். ஐயாத்துரை தன் அறை வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் அபிவிருத்தி உத்தியோகத்தர் கம்சாயினி," என்று தொடங்கினாள். "இடமாற்ற விண்ணப்பப் பக்கத்தைப் பார்க்கப் போறன். காரணம்..." வாங்கில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. "காரணம், எனக்கு என்ரை மனிசனோடை இருக்கோணும். சனி ஞாயிறு மட்டும் காணாது. கிழமை முழுக்க இருக்கோணும்."

மணி அடிக்க மறந்து றொபின்சன் நின்றார்.

"கேள் பிள்ளை, கேள்," என்றார் ஆச்சிமுத்து. "கட்டினவனோடை இருக்கிறதுக்கு என்ன வெக்கம்? மாடு கூடச் சோடியை விட்டு நிக்காது."

பிறகுதான் மணி அடித்தது. "கண்டோம்" என்று வாங்கில் இருந்தவர்களும் சேர்ந்து சொன்னார்கள்.

ஐயாத்துரை சிரித்தார். "அனுப்பும் பிள்ளை, தாராளமா அனுப்பும். நான் ஆரின்ரை ஆசைக்கும் குறுக்கை நிக்கிறவன் இல்லை. சிபாரிசு எழுதேக்கைதான் நான் நிப்பன்."

தமிழில் அந்தப் பக்கத்தின் தலைப்பு "இடமாற்ற விண்ணப்பங்கள்." ஆகையால் அது மதுபானம். கம்சாயினி ஆங்கிலப் பக்கத்துக்குப் போனாள். ஆங்கிலத்தில் கள் கிடையாது என்பதால் அது ஒரு மறுப்பும் சொல்லாமல் திறந்தது. திறந்ததும் திடுக்கிட்டாள். விண்ணப்பதாரியின் பெயர் தானாகவே நிரம்பியிருந்தது. திருத்த முடியவில்லை.

"சேர், இதிலை உங்கடை பேரெல்லோ வந்து நிக்குது!"

ஐயாத்துரை வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அவருக்கு அது பிழையாகத் தெரியவில்லை.

"வரத்தானே வேணும்? நான் பொறுப்பதிகாரி. இந்தக் கந்தோரிலை எல்லாரும் என்ரை பேருக்குக் கீழைதான் வேலை செய்யிறியள். தலைமையின்ரை பேர் தலையிலை வாறதுதான் முறை."

"இல்லை சேர், நீங்கள் இடமாற்றம் கேக்கிற மாதிரி எல்லோ..."

"பிள்ளை." அவர் குரல் கனத்தது. "நீர் ஆர் எண்டதை நீர் தீர்மானிக்கேலாது. அதுக்குத்தான் அரசாங்கம் இவ்வளவு செலவழிச்சு இயந்திரம் வேண்டித் தந்திருக்குது. அது பிழை விடாது எண்டு நானே கையெழுத்து வைச்சிருக்கிறன். அப்ப பிழை ஆரிலை? உம்மிலை. பேசாமல் நிரப்பும்."

அவள் நிரப்பினாள். வேறு வழி இருக்கவில்லை. பொழுது சாய்ந்தால் விண்ணப்பப் பக்கம் மூடிவிடும். துணைவரின் பெயர் என்ற இடத்தில் அனோஜன் என்று எழுதினாள். நாரந்தனை முகவரியை எழுதினாள். காரணம், துணைவருடன் சேர்ந்து வாழ்தல். ஆங்கிலத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவாக ஒரே சொல் இருப்பதால் அது யார் யாருடைய துணை என்று இயந்திரம் அலட்டிக்கொள்ளவில்லை. அனுப்பியதும் திரையில் ஒரு வரி வந்தது: பொறுப்பதிகாரிகளின் விண்ணப்பத்துக்குச் சிபாரிசு தேவையில்லை. அவள் அதைச் சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் றொபின்சன் முடிவு மணியை அடித்துவிட்டார். மணிக்குப் பிறகு பேசக் கூடாது.

அன்று பின்னேரம் அனோஜனுக்குப் போன் எடுத்தாள். "அனுப்பிட்டன். பேர்தான் ஒரு மாதிரிக் கிடக்குது. மேலை பாத்துத் திருத்துவினம்."

"திருத்துவினம், திருத்துவினம். நான் அலுமாரியிலை என்ரை உடுப்பை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கிறன்," என்றான் அவன். அவள் அன்றைக்கு நன்றாக நித்திரை கொண்டாள்.

உத்தரவு காலந்தாழ்த்தாமல் வந்தது. தமிழில் வந்தது. சிபாரிசு கொடுக்கிற கையும் தடுக்கிற கையும் படாத விண்ணப்பம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்தக் கந்தோர் அன்றைக்குத்தான் கண்டது. வெளிப்படை விதிப்படி ஐயாத்துரையே அதை எழுந்து நின்று உரத்து வாசித்தார். "நெடுந்தீவுக் கிளைப் பொறுப்பதிகாரி திரு. ஐயாத்துரை அவர்கள், தமது கணவர் திரு. அனோஜன் அவர்களுடன் சேர்ந்து வாழும் பொருட்டு..." இந்த இடத்தில் அவருடைய குரல் நின்றது. வாசித்த அளவுக்கு றொபின்சன் மணி அடித்தார். "கண்டோம்" என்றது வாங்கு.

மிச்சத்தைக் கம்சாயினிதான் வாசித்தாள். நாரந்தனைக் கிளைக்கு உடன் மாற்றம். கணவரின் இல்லத்தில் வசிக்கவிருப்பதால் அரச விடுதி வழங்கப்படமாட்டாது. அங்கே வசிப்பதைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும்; தவறினால் பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு விசாரணை. அவருடைய இடத்தில் நெடுந்தீவுக் கிளையின் பதில் பொறுப்பு கம்சாயினிக்கு. பதில் பொறுப்பில் இருப்பவருக்கு இடமாற்றம் இல்லை.

ஐயாத்துரை தலைமையகத்துக்குப் போன் எடுத்தார். அங்கே மேலதிகப் பணிப்பாளர் கிறிஸ்தோப்பர். போனும் வெளிப்படையாக, எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கப்பட்டிருந்தது.

"நான் கேக்கேல்லை சேர்! என்ரை மனிசி யாழ்ப்பாணத்திலை இருக்கிறா!"

"அது உங்கடை குடும்ப விசயம், நாங்கள் தலையிடமாட்டம். கேட்டது நீங்கள் எண்டு இயந்திரம் சொல்லுது. இயந்திரம் பிழை விடாது எண்டு நீங்கள் சொல்லியிருக்கிறியள். இப்ப நாங்கள் ஆரின்ரை சொல்லை நம்பிறது?"

"சேர், இந்த ஒருக்கா மட்டும் பிழை விட்டிட்டுது எண்டு..."

"எழுதித் தாருங்கோ. தந்தால் பாராட்டுப் பத்திரத்தைத் திருப்பி எடுப்பம். கந்தோர் நேரத்திலை கிறிக்கெற் பாத்தது ஆரெண்டும் விசாரிப்பம். எழுதிறியளோ?"

கந்தோர் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்தது. றொபின்சன் நிலத்தைப் பார்த்தார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பாராட்டுப் பத்திரத்தை ஐயாத்துரை பார்த்தார்.

"இல்லை சேர்," என்றார். "இயந்திரம் சரி."

"அப்பிடிச் சொல்லுங்கோ. இவ்வளவு நாளும் குடும்பத்தைப் பிரிஞ்சு இருந்திருக்கிறியள், பாவம். இனியாவது சந்தோசமா இருங்கோ," என்று கிறிஸ்தோப்பர் உண்மையான அன்போடு சொல்லிப் போனை வைத்தார்.

மனைவி சறோஜினிதேவிக்கு ஐயாத்துரை விஷயத்தைச் சொன்னபோது அவர் "ஆரப்பா அந்த அனோஜன்?" என்று மட்டுந்தான் கேட்டாராம். புறப்படுகிற அன்று காலையில் ஐயாத்துரை கம்சாயினியின் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, முதல்தடவையாக வெளிப்படையில்லாமல் பேசினார்.

"பிள்ளை, அந்தத் தம்பி என்ன மாதிரி? கோபக்காரரோ?"

"இல்லை சேர். நல்லவர்."

"மச்சம் மாமிசம் சாப்பிடுவாரோ?"

"வெள்ளிக்கிழமையிலை மட்டும் இல்லை."

"அதுவும் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டு அவர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனார்.

கம்சாயினி குசினிக்குள் போய் நின்று அழுதாள். அந்த ஒரேயொரு இடமும் போய்விட்டது. கேட்டது அவள், கிடைத்தது அவருக்கு, இனிக் கேட்கவும் முடியாது. றொபின்சன் பிளேன்ரீ ஒன்றை ஊற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்கும் சரியான மனவருத்தம். ஆனாலும் கிறிக்கெற்றை விசாரிக்காமல் விட்டதில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

பின்னேரம் அனோஜனின் அழைப்பு வந்தது. அவன் மிகவும் மெதுவாகப் பேசினான்.

"இஞ்சேரும், படலையடியிலை ஒரு ஐயா சூட்கேசோடை நிக்கிறார். என்னோடை சேர்ந்து வாழ வந்தவராம். கடிதமும் வைச்சிருக்கிறார். கிராம அலுவலரும் பின்னாலை சைக்கிளிலை வந்து நிக்கிறார், பாத்து எழுதிறதுக்கு."

"உள்ளை கூப்பிடுங்கோ," என்றாள் கம்சாயினி. "வெய்யிலுக்குள்ளை நிக்கவிடாதேங்கோ, பாவம்."

மறுமுனையில் படலை திறக்கும் சத்தம் கேட்டது. வாங்கோ ஐயா, இருங்கோ என்று அவன் சொல்வதும் கேட்டது. பிறகு அவன் போனுக்குத் திரும்பி வந்தான்.

"சரி," என்றான். "உம்மடை இடமாற்றம் வந்து சேர்ந்திட்டுது. நீர் ஓராள்தான் வரேல்லை."